முதல் சாப்பாட்டுக் கடை: வன்னியில் எந்தக் கதவை எப்போது தட்டுவது

மாதத்துக்கு ஒருவராவது கடைக்கு வந்து, பிளேன்ரீயைக் குடித்து முடித்து, காசைக் கொடுத்துக்கொண்டே கேட்பார்கள்: "அக்கா, நானும் ஒரு சாப்பாட்டுக் கடை போடப் போறன். லோன் எங்க எடுக்கலாம்?"

பரந்தனில் இருந்து முல்லைத்தீவு போகும் வீதியில் 2017 இல் இருந்து சின்னதாக ஒரு கடை நடத்துகிறேன். காலையில் இடியப்பமும் புட்டும், மதியம் சோறு, பின்னேரம் ரோல்ஸும் வடையும். இதற்கு முதல் ஒரு கடை போட்டேன். அது பதினொரு மாதத்தில் மூடிப்போனது. அந்தக் கடையைக் கடனில்தான் தொடங்கியிருந்தேன். அதனால் கேட்கிற எல்லோருக்கும் முதலில் சொல்வது இதுதான்: லோன் கடைசிப் படி. அதற்கு முன்னால், காசு வட்டிக்கு வாங்காமலே எடுக்கக்கூடிய உதவி வன்னிக்குள் நிறைய இருக்கிறது. பலருக்கு அது தெரியாது. தெரிந்தவர்களும் எங்கே முதலில் போவது, எங்கே பிறகு போவது என்று குழம்பி, நாலு ஓபிஸ் ஏறி இறங்கிக் களைத்துவிடுகிறார்கள். அந்த வரிசையை எழுதுகிறேன்.

கடை இல்லாமலே விற்றுப் பாருங்கள்

குறைந்தது ஆறு கிழமை. வீட்டு அடுப்பில் சமைத்து, ஒரு வேளைச் சாப்பாட்டை மட்டும் விற்றுப் பாருங்கள். பக்கத்துப் பாடசாலை ஆசிரியர்களுக்கு மதியப் பார்சல், வெட்டு மெசினோடு வந்து நிற்கிற ஆக்களுக்குக் காலைச் சாப்பாடு, சந்தியில் இருக்கிற தேத்தண்ணிக் கடைக்கு விடிய ஆறு மணிக்கு ஐம்பது வடை. எது கைவருகிறதோ அது. இதில் மூன்று விஷயம் தெரியவரும்: உங்கள் கைச் சாப்பாட்டுக்குத் திரும்பி வருகிறார்களா, நாள் தவறாமல் ஒரே ருசியில் சமைக்க உங்களால் முடிகிறதா, வீட்டில் உள்ளவர்கள் இதைத் தாங்குவார்களா. மூன்றாவதைப் பலர் யோசிப்பதில்லை. விடிய மூன்று மணிக்கு எழும்புகிற தொழில் இது. கடைக்கு முதலில் இடம் கொடுக்க வேண்டியது வீடுதான்.

பெண்களுக்கு இந்தக் கட்டத்தில் இன்னொரு வழி இருக்கிறது. வடமாகாண விவசாயத் திணைக்களம் ஒழுங்குபடுத்திய 'அம்மாச்சி' பாரம்பரிய உணவகங்களை வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவில் பார்த்திருப்பீர்கள். கட்டிடம் திணைக்களத்தினுடையது, சமைத்து விற்பது ஊர்ப் பெண்கள். தோசையும் அப்பமும் கூழும் கண் முன்னாலேயே சுட்டு, காய்ச்சிக் கொடுப்பார்கள். அங்கே எப்போதும் இடம் கிடைக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் போய்ப் பெயரைக் கொடுத்து வையுங்கள். இடம் கிடைக்காவிட்டாலும் ஒரு நாள் முழுக்க ஒரு மூலையில் இருந்து பாருங்கள். எந்தச் சட்டி எத்தனை மணிக்கு முடிகிறது, எந்தச் சாப்பாடு கடைசிவரை கிடக்கிறது, சனம் எதைக் கேட்டு இல்லையென்று திரும்பிப் போகிறது. எந்தப் பயிற்சி வகுப்பிலும் அவ்வளவு கிடைக்காது.

முதல் நாளில் இருந்தே ஒரு கொப்பி வையுங்கள். சி.ஆர். கொப்பி போதும். இடப்பக்கம் செலவு, வலப்பக்கம் விற்றது, அடியில் மிஞ்சியது. மிஞ்சியதை எழுத மறக்காதீர்கள். இந்தக் கொப்பிக்குப் பிறகு ஒரு வேலை வரும்.

நாற்பது பார்சல் கணக்கு

எனக்கு இதை ஒருவர் அப்போது சொல்லித் தந்திருந்தால் முதல் கடை மூடியிருக்காது என்று இன்றும் நினைக்கிறேன். அதனால் ஆறுதலாகச் சொல்கிறேன். விலைகள் கிழமைக்குக் கிழமை மாறும். கணக்கு விளங்குவதற்காக முழு எண்ணாக எடுக்கிறேன்.

மதியம் நாற்பது கோழிச் சோற்றுப் பார்சல் கட்டுகிறீர்கள். அரிசி ஆறு கிலோ 1,500 ரூபா. கோழி நாலு கிலோ 4,800. பருப்பும் மரக்கறியும் 2,000. தேங்காய் 1,000. எண்ணெய், தூள், உப்பு, புளி 1,000. விறகோ காஸோ 500. சுற்றுகிற தாள் 400. கூட்டினால் 11,200 ரூபா. ஒரு பார்சலுக்கு 280. பலர் இந்த இடத்தோடு கணக்கை நிற்பாட்டி, "280க்குச் செய்து 450க்கு விற்றால் 170 இலாபம்" என்று சந்தோசப்படுகிறார்கள்.

உதவிக்கு நிற்பவரின் நாட்சம்பளம், சேமலாப நிதிப் பங்கோடு 2,000. கடை வாடகையில் ஒரு நாள் பங்கு 1,000. கரன்ட், தண்ணீர் 300. இந்த 3,300 ரூபா நீங்கள் ஒரு பார்சல் விற்றாலும் போகும், நாற்பது விற்றாலும் போகும். ஆக மொத்தச் செலவு 14,500. நாற்பதும் விற்றால் 18,000 வரும். கையில் நிற்பது 3,500. ஆறு பார்சல் மிஞ்சினால் வரவு 15,300. கையில் நிற்பது 800. அந்த விற்ற முப்பத்து நாலில் இரண்டைத் தெரிந்தவர் "நாளைக்குத் தாறன்" என்று சொல்லிக் கொண்டுபோய்த் தராமல் விட்டால், அன்றைக்கு 100 ரூபா நட்டம். நாற்பதுக்கு எட்டுத்தான் குறைந்தது. வெளியில் இருந்து பார்ப்பவருக்குக் கடை நிறைந்த மாதிரித்தான் இருக்கும்.

இதில் உங்கள் சம்பளம் இன்னும் சேரவில்லை. விடிய எழும்பி இராத்திரி படுக்கிற உங்களுக்கும் ஒரு நாட்கூலி எழுதுங்கள். எழுதிப் பார்த்தால் சோறு மட்டும் விற்றுக் கடை நிற்காது, காலைச் சாப்பாடோ பின்னேரத் தேத்தண்ணியோ கூட வேண்டும் என்று தெரியும். அதே வாடகையை மூன்று வேளையும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும்.

இடம்

ஏ9 வீதியில் கடை என்றால் எல்லோருக்கும் ஆசை. முறிகண்டிப் பிள்ளையாரடியில் வாகனம் நிற்கும், அதனால் கச்சான் விற்கும். அந்த நிற்பாட்டம் நேர்த்தியால் வந்தது. உங்கள் கடைக்கு முன்னால் யாரும் நேர்ந்துகொண்டு நிற்பாட்டப் போவதில்லை. தூர பஸ்கள் கடையில் நிற்க வேண்டுமானால் சாரதிக்கும் நடத்துநருக்கும் சாப்பாடு போடவேண்டிவரும், மலசலகூடம் சுத்தமாக இருக்க வேண்டும், ஒரே நேரத்தில் ஐம்பது பேரைக் கவனிக்க ஆள் வேண்டும். முதல் கடைக்கு அது பாரம். ஆஸ்பத்திரி, பிரதேச செயலகம், ஆடைத் தொழிற்சாலை, கிளிநொச்சி அறிவியல் நகரில் பல்கலைக்கழகப் பிள்ளைகள் என்று ஒவ்வொரு நாளும் வருகிற முகங்கள் உள்ள இடம்தான் புதியவருக்கு நல்லது.

இடம் பார்த்தவுடன் முற்பணம் கொடுத்துவிடாதீர்கள். வன்னியில் முக்கால்வாசிச் சண்டை காணிப் பத்திரத்தில்தான் வருகிறது. காணி சொந்த உறுதி உள்ள காணியா, அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணியா என்று கேளுங்கள். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணியை, பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் விற்கவோ குத்தகைக்குக் கொடுக்கவோ முடியாது. சொந்தக்காரர் நல்ல மனிதராக இருக்கலாம். ஆனால் அவர் எழுதித் தருகிற துண்டு, பதிவுக்குப் போகும்போது செல்லாமல் போகலாம். பிறகு, பெரிய வீதி ஓரமென்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் எல்லை எதுவரை என்று பாருங்கள். அந்த எல்லைக்குள் தகரம் இறக்கினால் ஒரு நாள் கழற்றச் சொல்வார்கள்.

இன்னும் இரண்டு பாருங்கள். 2018 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் இந்த இடத்தில் எதுவரை வந்தது என்று அயலில் கேளுங்கள். சுவரிலேயே அடையாளம் காட்டுவார்கள். அடுத்தது, கிணற்றுத் தண்ணீரை ஒரு போத்தலில் கொண்டுபோய் வீட்டில் தேத்தண்ணி போட்டுப் பாருங்கள். எங்கள் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் கல்லுத் தண்ணீர். கொதித்ததும் கேத்தலின் உட்பக்கம் வெள்ளையாகப் படியும். பிளேன்ரீயின் மேல் மெல்லிய ஆடை மிதக்கும், நிறம் மங்கி மண்ணிறமாகும். நான் மூன்று கொம்பனித் தேயிலை மாற்றிப் பார்த்த பிறகுதான் பிழை தண்ணீரில் என்று கண்டுபிடித்தேன். இப்போது தேத்தண்ணிக்கும் குடிக்கவும் சுத்திகரித்த தண்ணீர் வாங்குகிறேன். அது மாதச் செலவு. இடம் பார்க்கும்போதே கணக்கில் சேர்க்க வேண்டும்.

பதிவுகள்

பயப்பட ஒன்றுமில்லை. வரிசை தெரிந்தால் சரி.

முதலில் விதானையார், அதாவது கிராம அலுவலர். எங்கே, என்ன கடை போடப் போகிறீர்கள் என்று சொல்லி அவரின் உறுதிப்படுத்தல் எடுங்கள். அதோடு அடையாள அட்டை, காணிப் பத்திரம் அல்லது வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் கொண்டு பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதியுங்கள். பெயர் யோசிக்கும்போது இரண்டு மூன்று வைத்திருங்கள். ஒன்று ஏற்கெனவே பதிந்திருக்கலாம். கடை யாருடைய பெயரில் பதிகிறதோ அவர்தான் நாளைக்கு வங்கியில் நிற்கப் போகிறார். சமைப்பதும் நடத்துவதும் நீங்கள் என்றால் உங்கள் பெயரிலேயே பதியுங்கள். இதைப் பெண்களுக்கு அழுத்திச் சொல்கிறேன். வீட்டுக்காரர் பெயரில் பதிந்துவிட்டு, பிறகு பெண் முயற்சியாளர்களுக்கான உதவி வரும்போது கையைப் பிசைந்துகொண்டு நின்ற இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

அடுத்தது பிரதேச சபை; வவுனியா நகரம் என்றால் மாநகர சபை. வியாபார உரிமம் அங்கேதான். அது ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டியது. சாப்பாட்டுக் கடைக்கு உரிமம் தருவதற்கு முதல் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்ப்பார்.

இங்கேதான் பலரும் பிழை விடுகிறார்கள். கட்டி, ரைல்ஸ் பதித்து, பெயர்ப்பலகை கொழுவி, எல்லாம் முடிந்த பிறகு பி.எச்.ஐயைக் கூப்பிடுகிறார்கள். அவர் வந்து கழிவுத் தண்ணீர் போகிற பக்கம் பிழை என்கிறார். தரையை உடைக்க வேண்டிவருகிறது. நீங்கள் வெறும் அறையாக இருக்கும்போதே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய், உங்கள் பகுதிக்குப் பொறுப்பானவரைக் கண்டு, "ஐயா, இப்படி ஒரு இடம் எடுக்க நினைக்கிறேன், ஒருக்கால் வந்து பார்த்துச் சொல்லுங்கோ" என்று கேளுங்கள். கேட்டால் சொல்வார்கள். எனக்கு வந்தவர் ஒரு சோக்கட்டியால் தரையிலேயே கீறிக் காட்டினார்: பச்சை மீனும் இறைச்சியும் கழுவுகிற தொட்டி இங்கே, பாத்திரம் கழுவுவது அங்கே, சமைத்த சாப்பாடு வைக்கிற மேசை இரண்டுக்கும் தள்ளி, கை கழுவ வேறு பைப். அந்தக் கோட்டில்தான் இன்றைக்கும் என் குசினி இருக்கிறது. ஒரு சதம் செலவில்லாமல் கிடைத்த மிகப் பெரிய உதவி அதுதான்.

சமைப்பவர், பரிமாறுபவர் எல்லோருக்கும் மருத்துவச் சான்றிதழ் வேண்டும். தண்ணீர் பரிசோதனை அறிக்கை கேட்டால் எங்கே கொடுப்பது என்பதையும் அதே பணிமனையில் கேட்டுக்கொள்ளுங்கள். உணவகங்களை ஏ, பி, சி, டி என்று தரம் பிரிப்பார்கள். முதல் வருடமே ஏ வராவிட்டால் மனம் தளர வேண்டாம். எதில் புள்ளி குறைந்தது என்று எழுதி வாங்கி, ஒவ்வொன்றாகச் சரிபண்ணுங்கள்.

வரி செலுத்துபவருக்கான அடையாள இலக்கமான ரின் இலக்கத்தையும் எடுத்துவிடுங்கள். இலவசம். ரின் எடுத்தவுடன் வரி கட்ட வேண்டும் என்று ஊரில் ஒரு பயம் இருக்கிறது. இலக்கம் எடுப்பது வேறு, வரி கட்டுகிற அளவு வருமானம் வருவது வேறு.

காசல்லாத உதவிகள்

பதிவு கையில் வந்தவுடன் பிரதேச செயலகத்துக்குத் திரும்பிப் போங்கள். பெயர் பதிந்த மேசைக்கு அல்ல. சிறுதொழில் முயற்சி அபிவிருத்திப் பிரிவு உத்தியோகத்தர், தேசிய தொழில்முயற்சி அபிவிருத்தி அதிகார சபையின் உத்தியோகத்தர், சிறுதொழிலுக்குத் தொழில்நுட்ப உதவி செய்கிற விதாதா வள நிலையம், பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் என்று யார் யார் உங்கள் செயலகத்தில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஒவ்வொருவரிடமும் உங்கள் பெயரும் தொழிலும் பதிந்திருக்க வேண்டும். ஏனென்றால் பயிற்சியோ உபகரண உதவியோ வரும்போது அவர்கள் முதலில் பார்ப்பது தங்களிடம் இருக்கிற பட்டியலைத்தான். தொண்டு நிறுவனங்களின் திட்டமும் பெரும்பாலும் பிரதேச செயலகம் ஊடாகத்தான் வருகிறது. பட்டியலில் இல்லாதவருக்குச் செய்தி வந்து சேரும்போது திகதி முடிந்திருக்கும்.

போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரே ஒரு தாள் எழுதிக்கொண்டு போங்கள். என்ன விற்கிறேன், ஒரு நாளைக்கு எத்தனை, இப்போது எந்த வேலை எனக்குத் தடையாக இருக்கிறது, அதற்கு என்ன வேண்டும். "ஏதாவது உதவி செய்யுங்கோ" என்று கேட்பவருக்கு, போன் நம்பரை எழுதி வைத்துவிட்டுப் போகச் சொல்வார்கள். "நாளுக்கு எட்டுக் கிலோ மா குழைக்கிறேன், கை வலிக்கிறது, மா குழைக்கிற மெசின் ஒன்று வந்தால் பன்னிரண்டு கிலோ செய்வேன், வாங்க ஆள் இருக்கு, இதோ கொப்பி" என்று கேட்டால் அவர்களுக்கும் மேலே எழுத ஒரு காரணம் கிடைக்கிறது.

பல வருடம் சமைத்தும் கையில் ஒரு துண்டுக் கடதாசி இல்லாதவர்கள் நிறைய. தேசிய பயிலுநர், கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையான நைற்றாவில், முன் அனுபவத்தை வைத்து மதிப்பிட்டு என்.வி.கியூ. என்கிற தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் தருகிற வழி இருக்கிறது. சமையலுக்கும் உண்டு. கடைக்கு அது கட்டாயமில்லை. ஆனால் வங்கியிலும் திட்டங்களிலும் அந்தச் சான்றிதழ் கதைக்கும். பிள்ளைகள் யாராவது இந்தத் துறையில் ஒழுங்காகப் படிக்க விரும்பினால் அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனத்தில் உணவுத் தொழில்நுட்பம் இருக்கிறது.

ஊருக்குள்ளேயே இருக்கிற மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தை விட்டுவிடாதீர்கள். பெரிய சட்டி, கிடாரம், கதிரை எல்லாம் பல சங்கங்களில் வாடகைக்கு இருக்கும். முதல் ஆறு மாதம் நான் ஒரு கிடாரமும் வாங்கவில்லை.

இப்போது காசு

இவ்வளவும் செய்த பிறகு எவ்வளவு காசு குறைகிறது என்று பாருங்கள். ஆரம்பத்தில் நினைத்த தொகையில் பாதிகூட வராது. அந்தக் குறைவுக்கு மட்டும் கடன் தேடுங்கள்.

என் முதல் கடையின் கதையை இங்கே சொல்ல வேண்டும். வீட்டு வாசலுக்கே வந்து, அன்றைக்கே காசு தருகிற ஒரு நிறுவனத்திடம் கிழமைக் கடன் எடுத்தேன். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டு மாமரத்தின் கீழ் கூட்டம். குழுவில் ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்த்துக் கட்ட வேண்டும். கட்டும்வரை யாரும் எழும்ப முடியாது. காலைச் சாப்பாட்டு நேரம் அங்கேயே போய்விடும். திங்கட்கிழமை இரவே எனக்கு நித்திரை வராது. கட்டுவதற்குக் காசு குறைந்தால் மறுநாள் கோழி வாங்க வைத்திருந்த காசில் கை வைப்பேன். அடுத்த நாள் கோழி இல்லை. அடுத்த நாள் ஆட்களும் இல்லை. பிறகு இந்தக் கடனைக் கட்ட இன்னொரு இடத்தில் கடன். நான் மட்டும் இல்லை. 2018 இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த 100,000 ரூபா வரையான நுண்கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்ய வேண்டிய அளவுக்கு நிலைமை போயிருந்தது. சாப்பாட்டுக் கடையின் வருமானம் மழைக்கும் வெள்ளிக்கிழமைக்கும் ஏறி இறங்குகிறது. கிழமைத் தவணை ஏறி இறங்குவதில்லை. இரண்டும் ஒத்துப்போகாது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சரி, எங்கே போவது? சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக இருந்து கொஞ்சம் சேமித்திருந்தால் அங்கே முதலில் கேளுங்கள். சமுர்த்தி வங்கியில் உறுப்பினர் என்றால் அங்கே. பிறகு பிரதேச அபிவிருத்தி வங்கி, மக்கள் வங்கி, இலங்கை வங்கி. அரசு சலுகை வட்டித் திட்டம் ஏதாவது அப்போது நடைமுறையில் இருக்கிறதா என்று மூன்றிலும் தனித்தனியாகக் கேளுங்கள். திட்டங்கள் வரும், முடியும், பெயர் மாறும். வங்கியில் பெர்மிட் காணியை ஈடாக எடுப்பது கஷ்டம். பெரும்பாலும் இரண்டு அரசாங்க உத்தியோகத்தர் பிணை நிற்கக் கேட்பார்கள். நீங்கள் எடுத்த கடன்களை எப்படிக் கட்டினீர்கள் என்று காட்டுகிற கிறிப் அறிக்கையும் பார்ப்பார்கள். மோட்டார்சைக்கிள் லீசிங்கில் இரண்டு தவணை பிந்தியிருந்தாலும், யாருக்காவது பிணை நின்று அவர் கட்டாமல் விட்டிருந்தாலும் அதில் தெரியும். போவதற்கு முதலே அதைச் சரிபண்ணிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கடைக்கு நான் வங்கிக்குப் போனபோது, விண்ணப்பத்தோடு கொப்பியையும் மேசையில் வைத்தேன். கடனுக்குப் பொறுப்பானவர் விண்ணப்பத்தை ஒதுக்கி வைத்துவிட்டுக் கொப்பியைத்தான் எடுத்தார். இடப்பக்கம், வலப்பக்கம், அடியில் மிஞ்சியது. ஒரு பக்கத்தில் விரலை வைத்து, "இந்த நாலு நாளும் ஏன் இவ்வளவு மிஞ்சியிருக்கு?" என்று கேட்டார். நல்லூர்த் திருவிழா நேரம், சனம் மச்சம் தவிர்த்தது, எனக்கு அப்போது விளங்கவில்லை என்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

நகை அடகு வைப்பதைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். அவசரத்துக்கு அது கிழமைக் கடனை விட மேல். ஆனால் சாமான் வாங்க அடகு வைக்காதீர்கள். குளிர்சாதனப்பெட்டி மாதிரி வருடக் கணக்கில் உழைக்கிற பொருளுக்கென்றால் யோசிக்கலாம்.

திறந்த பிறகு

இலை போட்டுப் பத்து விதமாகச் சமைக்க ஆசை வரும். ஐந்து போதும். வெள்ளிக்கிழமை மரக்கறி, கந்தசஷ்டி, புரட்டாதிச் சனி, கோயில் கொடியேற்றங்களை வருடத் தொடக்கத்திலேயே கலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். காலபோக அறுவடை முடிகிற மாசி, பங்குனியில் ஊரில் காசு ஓடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காசும் இருக்காது, ஆக்களும் வெளிக்கிட மாட்டார்கள். நல்ல மாதத்தில் கொஞ்சம் ஒதுக்கி வைக்காத கடை மழையில் கரைந்துவிடும்.

அரிசி, குளத்து மீன், முல்லைத்தீவுக் கடல் மீன், நந்திக்கடல் இறால், எருமைத் தயிர் எல்லாம் பக்கத்திலேயே கிடைக்கிறது. கொழும்பில் இருந்து லொறியில் வருகிற கோழியை மட்டும் நம்பி இருக்காதீர்கள். "மரை இறைச்சி இருக்கா?" என்று தூரத்து ஆக்கள் கட்டாயம் கேட்பார்கள். மானும் மரையும் விற்பது குற்றம். ஒரு தரம் பிடிபட்டால் கடையின் பெயரே போய்விடும். இல்லை என்று சொல்லி விரால் மீன் குழம்பைக் காட்டுங்கள்.

காஸ் அடுப்போடு ஒரு விறகடுப்பும் வெளியில் வையுங்கள். 2022 இல் சிலிண்டருக்கு வரிசை நின்ற நாட்களில் எங்கள் கடை ஒரு நாளும் பூட்டவில்லை.

சோறு சுற்றுகிற பொலித்தீன் லஞ்ச் சீற் 2017 இலேயே தடை. பிளாஸ்ரிக் தட்டு, கரண்டி, உறிஞ்சுகுழாய் 2023 ஒக்டோபரில் இருந்து தடை. பிளாஸ்ரிக் இடியப்பத் தட்டும் அதே பட்டியலில் இருக்கிறது. பிரம்பு, ஈர்க்குத் தட்டுகளை வாங்கி, அவித்து முடிந்ததும் கழுவி வெயிலில் காயவிடுங்கள். ஈரத்தோடு அடுக்கினால் இரண்டு நாளில் பூஞ்சணம் பிடிக்கும். இருந்து சாப்பிடுபவருக்கு வாழையிலை. குளக்கரையில் தாமரை இலை பறித்துத் தருபவர்கள் இருந்தால் அதுவும் நல்லது; அன்னதானத்தில் சாப்பிட்ட நினைவு வருகிறதென்று என் கடைக்கு அதற்காகவே வருகிற ஒரு ஐயா இருக்கிறார்.

விலைப்பட்டியல் எல்லோருக்கும் தெரியும்படி சுவரில் இருக்க வேண்டும். இது பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் சட்டம். ஆளுக்கு ஆள் விலை மாற்றுகிற கடையில் உள்ளூர்ச் சனமும் தங்காது.

உதவிக்கு ஒருவரை வைத்தாலே ஊழியர் சேமலாப நிதி கட்ட வேண்டும். சம்பளத்தில் 12 வீதம் உங்கள் பங்கு, 8 வீதம் அவருடையது. அதோடு ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம் நீங்கள். 40,000 ரூபா சம்பளத்துக்கு உங்கள் கையில் இருந்து 6,000. "தெரிந்த பிள்ளைதானே, பிறகு பார்ப்பம்" என்று விடாதீர்கள். கணவரை இழந்து தனியாகப் பிள்ளைகளை வளர்க்கிற பெண்கள்தான் எங்கள் குசினிகளில் கூடுதலாக நிற்கிறார்கள். அவர்களுக்கு வயது போகும்போது கையில் இருக்கப் போவது அந்தக் காசு மட்டும்தான். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை எந்த வேலைக்கும் வைக்க வேண்டாம், தாயே கூட்டிக்கொண்டு வந்து விட்டாலும்.

கடன் கேட்பவர்களுக்கு என்ன சொல்வது? முதல் கடையில் எனக்கு மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. எல்லோரும் சொந்தமும் அயலும். இப்போது மாதச் சம்பளக்காரர் எட்டுப் பேருக்கு மட்டும் கணக்கு வைத்திருக்கிறேன். சம்பளம் வந்த மூன்றாம் நாளுக்குள் தீர்க்க வேண்டும். மற்றவர்களிடம், "அண்ணை, கொப்பி மூடியாச்சு" என்பேன். உண்மையிலேயே பசியோடு வருபவருக்குக் கடன் கொடுப்பதில்லை, சாப்பாடு கொடுத்துவிடுவேன். அதைச் செலவுப் பக்கத்தில் எழுதுகிறேன்.

மூன்று மாதம் முடிந்ததும் ஒரு நாள் கடையைப் பூட்டிவிட்டு, கொப்பியின் முதல் பக்கத்தில் இருந்து வாசியுங்கள். தொடர்ந்து மிஞ்சுகிற சாப்பாட்டை நிற்பாட்டுங்கள். பதினொரு மணிக்கே முடிகிறதைக் கூட்டுங்கள். பிறகு அதே தாளைப் புதிதாக எழுதிக்கொண்டு, பிரதேச செயலகத்தில் அதே உத்தியோகத்தரிடம் திரும்பப் போங்கள். போகும்போது கொஞ்சம் ரோல்ஸ் கொண்டுபோவதில் பிழையில்லை; எனக்கு முதல் கூட்டத்துக்கான சிற்றுண்டி ஓடர் அப்படித்தான் கிடைத்தது, நூற்றிருபது பேருக்கு.